குறையாத காஸ்

கதிர்காமத்தம்பிக்குக் காற்றைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது கல்லடியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். முக்கியமாக, அவர் ஒத்துக்கொண்டிருந்தார். பாலத்தடியில் சைக்கிள் கடை. டியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி கிளம்பும் இடத்தைப் பிடித்து ஒட்டுப்போட்டே தலை நரைத்தவர். ஆகவே வீட்டுக்கு காஸ் அடுப்பு வந்த அன்று, "இதென்ன, பெரிய டியூப் தானே" என்று சிலிண்டரின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுப்பு வந்தது பகட்டுக்கு அல்ல. மனைவி அன்னப்பூரணிக்கு முட்டு வருத்தம். புகை பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். ஒருமுறை ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்துத்தான் மூச்சை மீட்டுக் கொடுத்தார்கள். "இனி விறகடுப்புப் பக்கம் போகாதீங்க. அடுத்த தரம் நாங்க என்ன செய்வமெண்டு சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். கதிர்காமத்தம்பி அன்று பின்னேரமே அலவாங்கை எடுத்து மண் அடுப்பை உடைத்துவிட்டார்.

உடைத்து முடியச் சண்டை திரும்பி வந்தது. வாகரைப் பக்கம் பீரங்கிச் செல் விழத் தொடங்கியதும், ஓட்டமாவடியைத் தாண்டி லொறி வருவதும் வராததும் செக்பொயின்ற்றில் நிற்பவரின் மனநிலையைப் பொறுத்ததாயிற்று. வந்த லொறியிலும் கோதுமை மா இருக்கும், சீனி இருக்கும், காஸ் மட்டும் இராது. காத்தான்குடியில் காஸ் விற்ற ஆதம்பாவாவின் கடை வாசலில் வெறும் சிலிண்டர்கள்தான் காவல் நின்றன.

"காக்கா, எப்ப வரும்?" என்று கதிர்காமத்தம்பி அவரைக் கேட்டார்.

"அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் அண்ணன். லொறிக்காரனக் கேட்டா, என்னைக் கேக்கச் சொல்றான்."

"உள்ளுக்க எவ்வளவு கிடக்கெண்டாவது பார்க்க வழி இல்லையா?"

"ஈரத்துணியால துடைச்சுப் பாருங்க. காஸ் நிக்கிற மட்டத்துக்குக் கீழ ஈரம் லேசில காயாது. மேல டக்கெண்டு காய்ஞ்சிரும்."

கதிர்காமத்தம்பி வீட்டுக்கு வந்து துடைத்தார். ஈரம் நின்ற இடத்தில் டியூப்புக்கு அடையாளம் போடும் சோக்கால் கோடு கீறினார். மறுநாளும் துடைத்தார். ஈரம் அதே கோட்டில் நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. சோறு வேகிறது, கறி கொதிக்கிறது, காஸ் குறையவில்லை.

முதலில் மகிழ்ந்தார். பிறகு பயந்தார். துணியை மாற்றினார். எடை பார்க்கத் தூக்கிப் பார்த்ததில் இடுப்புப் பிடித்ததே தவிர எடை பிடிபடவில்லை. உள்ளே காஸ் குட்டி போடுகிறதோ என்றுகூட நினைத்தார். நினைத்ததை வெளியே சொல்லவில்லை. பக்கத்து வளவு இராசதுரையிடம் பாதியைச் சொன்னார்.

"கண்ணகை அம்மாளுக்கு என்ன நேந்தீங்க அண்ணன்?"

"நேந்த பொங்கலையே இன்னும் பொங்கல்ல. காஸ் முடிஞ்சிருமெண்டுதான்."

"அப்ப அம்மாள் உங்களப் பகிடி பண்ணுறா."

வேறு சில குழப்பங்களும் சேர்ந்துகொண்டன. காஸ் சோற்றில் ருசி இல்லை என்று முன்பு முணுமுணுத்தவருக்கு, இப்போது கறி அந்தக் காலத்துக் கறிபோல இருந்தது. "காஸ் பழக்கப்பட்டுட்டுப் புள்ள" என்று மனைவியிடம் சொல்லி இன்னொரு அகப்பை வாங்கிச் சாப்பிட்டார். அன்னப்பூரணி போட்டாள். பேசினால் இருமல் வந்தது. படுத்தால் நெஞ்சுக்குள் பழைய விசில் கேட்டது. கச்சான் காற்றுப் புழுதிதான் காரணம் என்று தீர்மானித்து ஜன்னலைச் சாத்தினார். அப்படியும் மனம் கேளாமல், காஸ் ஒழுகுகிறதோ என்று குழாய்ப் பூட்டில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார். ஒரு குமிழியும் இல்லை. காற்று எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதருக்கு வீட்டுக்குள் ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருநாள் பாலத்தில் ஆமிக்காரரின் திடீர்ச் சோதனை. கடைகளெல்லாம் படபடவென்று பூட்டப்பட்டன. கதிர்காமத்தம்பி வாவிக்கரை ஒழுங்கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். வீட்டின் பின்னால் புகை எழும்பியது.

சிலிண்டர் வெடித்துவிட்டது! சைக்கிளைப் போட்டார், கிணற்றடி வாளியைத் தூக்கினார், வேலியைச் சுற்றி ஓடி, கண்ணை மூடிக்கொண்டு வீசி ஊற்றினார்.

கண்ணைத் திறந்தால், கிடுகு மறைப்புக்குப் பின்னால் மூன்று கல், அணைந்த தேங்காய்ப் பொச்சுமட்டை, மணலை மீன் கறிச்சட்டி, அன்னப்பூரணி. எல்லாமே நனைந்திருந்தன.

"இஞ்ச புள்ள, உனக்கென்ன விசரா?"

அவள் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு வரவில்லை. எத்தனையோ டியூப்புக்குக் காற்றடித்தவர், இதற்கு எங்கே அடிப்பது என்று தெரியாமல் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

கடைசியில் மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"கறியப் பாழாக்கிட்டீங்களே!"

"காஸ் கிடக்குத்தானே?"

"அது மாரி மழைக்கு. இப்ப வெயில், மட்டை காய்ஞ்சு கிடக்கு, புகை குறைவு. மாரியில விறகெல்லாம் ஊறிப் போயிரும். ஈர விறகுப் புகை என்னக் கொண்டுபோயிரும். அப்ப காஸ் வேணாமா?"

"மாரிக்குக் காஸ் இரிக்கும். நீ இரிப்பியா?"

"லொறி வருமெண்டு சொல்லுங்க. இப்பவே பத்த வைக்கிறன்."

கதிர்காமத்தம்பி கணக்குப் போட்டுப் பார்த்தார். இப்போது காஸை எரித்தால் மாரியில் மூச்சுக்கு ஆபத்து. மிச்சம் பிடித்தால் இப்போதே ஆபத்து. இந்தப் பக்கம் ஒட்டினால் அந்தப் பக்கம் குமிழி.

"நான் சமைக்கிறன்" என்றார்.

"நீங்களா?"

"நீ தூர இருந்து சொல்லு."

மறுநாள் கடையைப் பிந்தித் திறப்பதென்று முடிவாயிற்று. கச்சான் மேற்கிலிருந்து அடித்ததால் கல்லை வீட்டுக்குக் கிழக்கே வைத்து மூட்டினார். அரிசி கொதி வரும் நேரத்துக்குக் காற்று திரும்பி, கடற்பக்கத்திலிருந்து புகையை நேரே வாசலுக்குக் கொண்டுபோனது. கல்லை மேற்கே மாற்றினார். தணலைத் தகரத்தில் அள்ளிக்கொண்டு ஓடினார். காற்று தெற்கே திரும்பியது.

"அங்கால கொண்டுபோங்க! இல்ல, இங்கால!" என்று அன்னப்பூரணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டளையிட்டாள்.

வேலிக்கு மேலால் இராசதுரையின் தலை தெரிந்தது. "என்ன அண்ணன், வீட்டச் சுத்திக் கும்பிடுறீங்களா?"

"வாய மூடிக்கொண்டு காத்து எந்தப் பக்கமெண்டு பார்த்துச் சொல்லு!"

சோறு ஒரு பக்கம் குழைந்து மறுபக்கம் அரிசியாகவே இருந்தது. இருமி இருமிக் கண் சிவந்து உட்கார்ந்த அவருக்கு, உள்ளே இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி வந்தது. காஸில் வைத்தது.

"ஏன் எரிச்சாய்?"

"குடிச்சுட்டுக் கத்துங்க."

குடித்துவிட்டு, கத்த மறந்து, ஈரத்துணியை எடுத்துச் சிலிண்டரைத் துடைத்தார். ஈரம் சோக்குக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றதுபோல இருந்தது. இல்லாமலும் இருக்கலாம். அதற்குச் சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே அவள் மூச்சு விசிலில்லாமல் போய் வருவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கறிக்கு நேரமாகிறது என்று எழுந்து, விரலை நாக்கில் நனைத்து மேலே நீட்டிக் காற்றைப் பார்த்தார்.