மடிக்கோல் சுந்தரேசன்

புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்: சுந்தரேசன். ஹவுரா ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. காளிகாட்டில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் அவரை மடிக்கோல் சுந்தரேசன் என்றுதான் கூப்பிட்டன. அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் பாலசுப்ரமணியன். சணல் கம்பெனியில் ஹெட் கிளார்க், பெரிய மனுஷர். இன்றைக்கும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். வாசித்தால் வாசித்துக்கொள்ளட்டும்.

பட்டம் வந்த கதை இதுதான். ஓர் ஆடி மாசம் காளி கோவில் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்தேன். வலது கை முறிந்தது. மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய வைத்தியர், நாலு மாசம் கையைத் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது. விடிவதற்கு முன் இவர் ஸ்நானம் செய்து, ஈர வேஷ்டியோடு என் ஒன்பது கெஜத்தை நனைத்துப் பிழிந்து, மொட்டை மாடிக்கு எடுத்துப் போவார். யார் கையும் படாமல் மடியாக உலரட்டும் என்று, மடிக்கோலால் தூக்கி உயரக் கொடியில் போடுவார். அடுத்த மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த பாலசுப்ரமணியன் கண்ணில் அது பட்டுவிட்டது. அன்று சாயங்காலமே தெருவுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று.

ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாதது இன்னொன்று உண்டு. ஒற்றைக் கையால் மடிசார் கட்டிக்கொள்ள முடியுமா? அந்த நாலு மாசமும் எனக்குப் புடவை கட்டிவிட்டதும் அவர்தான். முதல் நாள் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் புடவையோடு என்னை மூன்று பிரதட்சிணம் வந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு மாசம் போவதற்குள் கொசுவம் அவர் கையில் என் கையை விட அழகாக உட்கார்ந்தது. ஆனாலும் எனக்கு மானம் போய்விடும்போல இருந்தது. "என் மேல ஆணை, இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லப்படாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். கை சரியானதும், மாடிப் பக்கமே வராதீர்கள் என்று கோலையும் பிடுங்கி வைத்துவிட்டேன்.

அடுத்து வந்த தை மாசம். ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம். எங்கள் நாடக சபை, ஒரு மரக்கடையின் மாடி ஹாலில் நடந்துவந்தது. அங்கே ஒரு வழக்கம். ஆபீசில் யார் பெரியவரோ அவருக்குத்தான் பெரிய வேஷம். பாலசுப்ரமணியன் ராஜா, பாங்கியில் இருந்த சீதாராமன் மந்திரி. எங்காத்துக்காரர் நாலு வருஷமாக ஈட்டி பிடித்து நின்றார். ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் நாலு வருஷமும் போய், ஈட்டியையே பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் சபையின் காரியதரிசி வைத்தீஸ்வரன் ராஜா ராணியெல்லாம் வேண்டாம் என்று, 'ஆலங்காட்டு மிராசுதார் கொலை' என்று சொந்தமாக ஒரு துப்பறியும் நாடகம் எழுதினார். எழுதினவர் இன்னொன்றும் செய்தார். துப்பறிபவர் வேஷத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் நடித்துக் காட்ட வேண்டும், நன்றாகச் செய்தவருக்கு வேஷம் என்று அறிவித்துவிட்டார். எங்காத்துக்காரர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார். "காமு, இந்தத் தடவையும் கிடைக்கலேன்னா சபையிலேர்ந்து பேரை எடுத்துண்டுடுவேன்." சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுக்க, சாதம் வடிக்கிறபோது அடுக்களைச் சுவரோடு அவர் பேசிப் பழகியதை நான்தானே கேட்டேன். கிடைக்காவிட்டால் மனுஷர் ஒடிந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. பெண்டுகளுக்கு மூங்கில் தட்டிக்குப் பின்னால் இடம். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே எல்லாம் தெரியும், வெளியே இருப்பவர்களுக்கு எங்களைத் தெரியாது. நான், பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி, இன்னும் ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நடுவில் ஒரு பெஞ்சு. அதன் மேல் மிராசுதாரின் பிணம். பிணமாகப் படுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. எந்த வீட்டுக்காரி சம்மதிப்பாள்? ஆகையால் இரண்டு தலையணைக்கு ஒரு சட்டையை மாட்டி வேஷ்டியால் மூடியிருந்தார்கள்.

மிராசுதார் பெண்டாட்டியாக நடிக்க ஸ்ரீனிவாசராகவன் ஹவுராவுக்கு அப்பால் சாந்த்ராகாச்சியிலிருந்து வந்திருந்தார். ஐயங்கார், நல்ல சாரீரம், மீசையும் கிடையாது. அவர் பெண்டாட்டி விஜயலக்ஷ்மி கூடவே வந்து, பின்கட்டில் அவருக்குப் புடவை கட்டி அனுப்பிவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தாள். அவர் தலையில் முக்காடும் கண்ணில் முந்தானையுமாக, விசும்பிக்கொண்டே ஹாலுக்குள் வந்தார். தட்டிக்குள்ளே எல்லாரும் ஒரே சமயத்தில் வாயைப் பொத்திக்கொண்டோம்.

ஐயர் வீட்டு மடிசாரில் தலைப்பு வலது தோளில் வரும். ஐயங்கார் வீட்டில் இடது தோள். நாடகத்து மிராசுதாரோ தஞ்சாவூர் ஐயர். அவருடைய தர்மபத்தினி இடது தோளில் தலைப்பைப் போட்டுக்கொண்டு, தலையணையின் மேல் விழுந்து அழுகிறாள். நாகலக்ஷ்மி என் தொடையில் கிள்ளினாள். விஜயலக்ஷ்மிக்கு முகம் சிவந்துவிட்டது. தனக்குத் தெரிந்த கட்டைத்தானே கட்ட முடியும் என்று முணுமுணுத்தாள். அதுவும் நியாயம்தான். வெளியே அறுபது ஆண்பிள்ளைகள். நாள் தவறாமல் மடிசார் கட்டினவள் கையால் சாப்பிடுகிறவர்கள். ஒருத்தர் கண்ணில் படவில்லை.

முதலில் பாலசுப்ரமணியன் எழுந்தார். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரங்கே! கதவைச் சாத்துங்கள்!" என்று ஒரு கத்தல் கத்தினார் பாருங்கள், உத்தரத்தில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. மிராசுதார் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை உருவி, குற்றவாளி இன்னார் என்று விரலை நீட்டினார். ஒரே கைதட்டல். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது.  அடுத்து வந்த சீதாராமன் பாதியில் மூக்குக் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக இவர் போனார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பெஞ்சின் மேல் வைத்தார். பேசவில்லை. அழுதுகொண்டிருந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பாடம் மறந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேசுங்கோ, பேசித் தொலையுங்கோ என்று உள்ளுக்குள் மன்றாடினேன். அடுக்களைச் சுவரிடம் அத்தனை பேசின மனுஷர் இங்கே வந்து ஊமையாகிவிட்டாரே என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"மடிக்கோலை ஆத்துலயே வெச்சுட்டு வந்துட்டார் போலிருக்கு" என்றார் பாலசுப்ரமணியன். ஹால் முழுக்கச் சிரிப்பு.

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு, துக்கம் விசாரிக்க வந்தவர் போல மெல்லக் கேட்டார். "அம்மா, நீங்க இந்தாத்துக்கு வாக்கப்பட்டு எத்தனை வருஷமாச்சு?"

காகிதத்தில் இல்லாத கேள்வி. ஸ்ரீனிவாசராகவன் திகைத்தாலும் சமாளித்துக்கொண்டு, பதினைந்து வருஷம் என்றார்.

"பதினஞ்சு வருஷமா வலது தோள்ல போட்ட தலைப்பு, இன்னிக்கு மட்டும் இடது தோளுக்கு எப்படிப் போச்சு?" இவர் ஒரு அடி முன்னால் வைத்தார். குரல் உயரவே இல்லை. "நீங்க இந்தாத்து எஜமானி இல்லே. முக்காட்டை எடுங்கோ."

 ஸ்ரீனிவாசராகவன் நிஜமாகவே அகப்பட்டுக்கொண்டவர் போல முக்காட்டைப் பற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.  இருபது வருஷம் கூடக் குடித்தனம் செய்திருக்கிறேன், அந்த மனுஷரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகுதான் ரகளை. பாலசுப்ரமணியன் எழுந்து, எழுதினதைப் பேசாதவனுக்கு வேஷம் கொடுப்பதா என்று கேட்டார். அதோடு விட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். "ஆம்பளைக்குத் தலைப்பு எந்தத் தோள்னு எப்படி ஓய் தெரியும்? தட்டிக்குள்ளேர்ந்து இருமியோ கனைச்சோ சைகை வந்திருக்கு. இது கள்ள ஆட்டம்" என்றார்.

வைத்தீஸ்வரனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று இவரை நேராகவே கேட்டார். புடவை உலர்த்துகிறவருக்குக் கொடி தெரியும், தோள் தெரியுமா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். இவர் வாயைத் திறந்தார். தட்டிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். மூடிக்கொண்டார். நான் வாங்கின சத்தியம் அவர் வாயைக் கட்டிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் வேஷம் அவருக்கு. சொல்லாவிட்டால் திருடன் பட்டம். அந்த அசடு, திருடன் பட்டத்தோடு தலையைக் குனிந்து நின்றது.

எனக்கு வந்ததே கோபம்! சபையில் பெண்பிள்ளை குரல் கேட்டதே கிடையாது. எழுந்து நின்றேன். நாகலக்ஷ்மி புடவையைப் பிடித்து இழுத்தாள், உதறினேன்.

"சைகையும் இல்லே, ஒண்ணும் இல்லே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "எனக்குக் கை ஒடிஞ்சு கிடந்த நாலு மாசமும் அவர்தான் எனக்கு மடிசார் கட்டிவிட்டார். தினமும். வலது தோள்ல."

தட்டிக்குள் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடும் என்று எதிர்பார்த்தேன். விழுங்கவில்லை. வெட்கம் வரப்போகிறது, வரப்போகிறது என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. இத்தனை நாள் இதையா ஒளித்து வைத்திருந்தோம் என்றுதான் தோன்றியது. அன்றைக்கு அந்த ஹாலில் என்னைப்போல் தலை நிமிர்ந்து நின்றவள் யாரும் இல்லை.

 வைத்தீஸ்வரன் பெஞ்சின் மேல் இருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பையில் கடிதம் அகப்படுகிற இடம் தனக்கே சப்பென்றுதான் இருந்தது என்றும், இனிமேல் கொலைகாரன் எஜமானி வேஷத்தில் வந்து தலைப்பால் அகப்படுவான் என்றும் சொன்னார். "எனக்குத் தொண்டை வேண்டாம் ஓய். கண்தான் வேணும்" என்று பாலசுப்ரமணியனிடம் சொன்னார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வைத்தீஸ்வரன் முடிவை யோசித்து எழுதி ஒட்டுவதாகச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். கோவில் சந்தில் திரும்பும்போது இவர், "ஆணையை நீயே ஒடைச்சுட்டியே" என்றார்.

"நான் வெச்ச ஆணை, நான் ஒடைச்சேன்" என்றேன். சிரித்துவிட்டார். மறுநாள் காலையில் என் ஈரப் புடவையையும் கோலையும் நானே அவர் கையில் கொடுத்தேன். நன்றாக விடிந்த பிறகு, அடுத்த மாடியில் பல் விளக்குகிற நேரம் பார்த்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை நானும் நாகலக்ஷ்மியும் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்புகையில், மரக்கடை வாசலில் காகிதம் ஒட்டியிருந்தது. ஏழெட்டு ஆண்பிள்ளைகள் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாலசுப்ரமணியனும் இருந்தார். எங்களைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள். நாகலக்ஷ்மிக்கு எழுத்துத் தெரியாது. என்னடி போட்டிருக்கிறது, வாசியேன் என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசித்தேன். மிராசுதார் பிணம், தலையணை. போலீஸ் இன்ஸ்பெக்டர், பாலசுப்ரமணியன். போலி எஜமானி, ஸ்ரீனிவாசராகவன், புடவைக் கட்டு விஜயலக்ஷ்மி கட்டினபடியே. நிஜ எஜமானி, சீதாராமன், புடவை கட்டிவிடுபவர் கீழே காண்க.

அடுத்த வரிக்கு வந்ததும் நின்றேன். நாகலக்ஷ்மி காத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்பிள்ளைகளும் என் வாயையே பார்த்தார்கள். எங்காத்துக்காரர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் என்று சொல்லியிருந்தாலும் போதும்.

"துப்பறிபவர், சுந்தரேசன்" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

நாகலக்ஷ்மி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அடுத்த வரியையும் வாசித்தேன்.

"புடவை கட்டிவிடுபவர், சுந்தரேசன்."