கிளிப்புடன் தேறியது

மனிதகுலத்தின் தலையைக் காக்கும் மகத்தான பொறுப்பை ஏற்றுள்ளோம் என்று சோதனைக்கூடத்தின் வாசலில் பித்தளையில் பொறித்திருந்தார்கள். உள்ளே இருந்தது ஒரு பிளாஸ்டிக் தலை. அதற்குள் சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீர். கையடக்கக் கருவிகளின் ரேடியோ அலை உடம்புக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அந்தத் தண்ணீருக்குள் கம்பியை விட்டு அளப்பார்கள். தலைக்குள் மூளை இல்லாதது இயக்குநருக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

அளக்கும் பொறியாளருக்கு 'மில்லி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்குகிற ஆள்.

போன வருடம் இடுப்பில் அணிகிற வாக்கி-டாக்கி ஒன்று சோதனைக்கு வந்தது. உடம்புக்குப் பதிலாக வைத்திருந்த தொட்டியோடு ஒட்டிவைத்து அளந்தால் வரம்பைத் தாண்டியது. கூடவே வந்த தடித்த கிளிப்பை மாட்டி இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி வைத்ததும் தேறிவிட்டது.

"கிளிப்போட விக்கிறான், கிளிப்போட அளந்தோம். இதுல என்ன யோசனை?" என்றார் இயக்குநர். மில்லி கையெழுத்துப் போட்டார். கிளிப் இல்லாமல் அணியக் கூடாது என்ற எச்சரிக்கை கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில், எறும்பே கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவேண்டிய எழுத்தில் அச்சாயிற்று.

அதை அவர் மறந்தே போயிருந்தார், ஒரு சாயங்காலம் ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியை அவள் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கிலிருந்து அழைத்துவரப் போகும்வரை. அவள் இடுப்புப் பட்டையில், வயிற்றை ஒட்டி, அதே வாக்கி-டாக்கி செருகியிருந்தது.

கிளிப் எங்கே என்று கேட்டார். இப்போது அதைத் தனியாகத்தான் விற்கிறார்களாம், நிர்வாகம் வாங்கவில்லையாம், நாற்பது பேரும் இப்படித்தான் செருகிக்கொள்கிறார்களாம். மில்லி அங்கேயே பையிலிருந்து ஸ்கேலை எடுத்து இடைவெளியை அளந்தார். துணியின் தடிமன்தான். இரண்டு மில்லிமீட்டர்.

"துணி தைக்க அளவெடுக்கிறீங்களாண்ணே?" என்றாள் பக்கத்தில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள். மனைவி சிரிக்கவில்லை.

"ஏங்க, இதுக்குக் கையெழுத்துப் போட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

தெரியாது என்பதுதான் பதில். அவருடைய படிவத்தில் தேறியது, தேறவில்லை என்று இரண்டே கட்டங்கள். தெரியாததற்குக் கட்டம் கிடையாது. அன்று இரவு முழுக்க அவள் வயிற்றின் மேல் கையை வைத்தபடியே இருந்தாள்.

மறுநாள், தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதலாமே என்று இயக்குநரிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"தாராளமா எழுதுங்க. அன்னைக்கே ஏன் சொல்லலன்னு உங்களத்தான் முதல்ல கேப்பாங்க," என்ற இயக்குநர், வீட்டம்மாவுக்கு மட்டும் ஒரு கிளிப் வாங்கிக் கொடுத்துவிடும்படி அன்போடு அறிவுறுத்தினார்.

மில்லி கடிதம் எழுதவில்லை. ஏழு கடைகளில் விசாரித்தார். எங்கும் கிளிப் இல்லை. சாயங்காலம் மனைவியை அழைத்துக்கொண்டு திரும்பியதும், வீட்டு வாசலிலேயே அவளிடம், மனித உயிரை மதிக்காத கம்பெனிகளைப் பற்றிக் குரல் நடுங்கப் பேசினார்.

"எங்க நாப்பது பேருக்கும் சேர்த்து அந்தக் கம்பெனிக்கு எழுதினீங்களா?" என்றாள் அவள்.

"ஒண்ணுகூடக் கிடைக்கலம்மா. ஊர் பூரா தேடிட்டேன்," என்றபடி கதவைத் திறக்க இடுப்பில் கையை வைத்தார்.

அவள் பார்வை அங்கேயே நின்றது.

சோதனைக்கு வந்த கிளிப்பில், போன வருடத்திலிருந்து, அவருடைய வீட்டுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.