இரண்டு பீப்பாய் வெற்றுவேட்டு

டெல்பர்ட் குவிஸ்ட் எழுந்து தொண்டையைச் செருமினால் துப்பாக்கிச் சங்கமே காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிடும். தலைவராம்! மான்டானாவில் மாடு மேய்ந்துகொண்டிருந்த நிலத்தில் நாலு மண்மேட்டை எழுப்பி, இலக்கு அட்டையை நட்டு, அதற்கு ஒரு தலைவர் வேறு. அந்தச் செருமலைக் கேட்டாலே ஆர்டித்துக்குக் குமட்டும்.

சங்கக் கட்டடத்தின் வாசலறையில் பத்தொன்பது வருஷமாகக் கடை நடத்துகிறவள் அவள். ராணுவ முகாமில் சுட்டுத் தள்ளிய தோட்டாக்களின் காலிப் பித்தளைக் கூடுகளை மொத்தமாக எடுத்துவந்து, கழுவி, பளபளக்கத் தேய்த்து விற்பாள். வாங்குகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து அதில் மறுபடி வெடிமருந்தையும் குண்டையும் வைத்துத் தோட்டாவாக்கிக்கொள்வார்கள். அந்த ஊரில் பாதி வீட்டுக்குக் குளிர்காலத்து இறைச்சி அந்தத் தோட்டாவில்தான் வருகிறது.

போன மாதம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் கூடுகளை நசுக்கித்தான் முகாமுக்கு வெளியே அனுப்ப வேண்டுமாம். நசுங்கின கூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாக்கு வழிக்கவா? ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. வருஷத்துக்கு ஒரே ஒரு மான் சுடுகிறவன், அதிலும் பாதி வருஷம் குறி தப்புகிறவன், ஐயாயிரம் கூடு வாங்கிக் கட்டிலுக்கடியில் பதுக்கினான். பத்தே நாளில் ஆர்டித்தின் அலமாரி காலி.

ஆனால் இன்று காலை முகாமிலிருந்து ஃபோன் வந்திருந்தது. உத்தரவை வாபஸ் வாங்கிவிட்டார்கள், வியாழக்கிழமை லாரி வருகிறது. அதைச் சொல்லத்தான் அவள் சங்கக் கூட்டத்துக்கே வந்தாள். அதற்குள் டெல்பர்ட் முந்திக்கொண்டான்.

"ஆர்டித் கடையில இப்ப என்ன இருக்கு? தூசி! நான் ஸ்போக்கேன் சந்தையில ரெண்டு பீப்பாய் நிறையக் கூடு பிடிச்சுட்டு வந்திருக்கேன். வெளிநாட்டு ராணுவத்துச் சரக்கு, அப்படியே தங்கம் மாதிரி மின்னுது. இனிமே நம்ம சரக்க நாமளே வித்துக்கலாம். அந்த ரூம் நமக்கு வேணும். அவ ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்க வேண்டாங்கறவங்க கையத் தூக்குங்க." பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலில் தேனைத் தடவிக்கொண்டான். "எனக்கும் மனசு கேக்கலம்மா. ஆனா நீயும் எத்தன நாளைக்குத்தான் பீப்பாய உருட்டிட்டுக் கெடப்ப?"

அடடா, என்ன கரிசனம்! லாரிச் செய்தி ஆர்டித்தின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த நிமிஷமே கடை பிழைத்துவிடும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். யார் யார் கையைத் தூக்குகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி.

தூக்கினார்கள். நிமோனியாவில் கிடந்தபோது மூன்று வாரம் அவள் கையால் சூப் குடித்த ஹார்லன் கூரையைப் பார்த்தபடி தூக்கினான். மற்றவர்கள் ஹார்லனைப் பார்த்துத் தூக்கினார்கள். செம்மறி வளர்க்கும் லோர்னா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள். இந்த ஜென்மங்களுக்காகவா பத்தொன்பது வருஷம் கைத்தோல் உரியத் தேய்த்தோம்!

"சரி, காலி பண்ணிடறேன்," என்றாள். "ஒரே ஒரு கேள்வி, டெல்பர்ட். உன் கூட்டுக்குள்ள அடியில எத்தன ஓட்டை இருக்கு?"

"இது ஒரு கேள்வியா? ஒண்ணுதான். முப்பது வருஷமா சுடறேன், எனக்கே பாடம் எடுக்கறியா?"

"எட்டிப் பாத்தியா?"

"பாக்காமலா வாங்குவேன்? ஒவ்வொண்ணா பாத்தேன்!"

அவன் பெருமைக்காக மேசைமேல் பரப்பி வைத்திருந்த கூடுகளில் ஒன்றை லோர்னா எடுத்தாள். ஃபோன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு ஓட்டை இருக்கே, டெல்பர்ட்."

நடுவில் ஒரே துளை என்றால் கருவியின் ஊசியை விட்டு, கூட்டின் அடியில் வெடித்துத் தீர்ந்த பழைய வெடிப்பொட்டைத் தள்ளிவிட்டுப் புதிது வைக்கலாம். வெளிநாட்டு ராணுவக் கூடுகள் பலவற்றில் இருப்பதுபோல ஓரத்தில் இரண்டு என்றால் ஊசி முட்டி முறியும். அந்த ஊரில் யாரிடமும் இருக்கிற கருவி அதற்கு உதவாது. தங்கமாக மின்னிய இரண்டு பீப்பாயும் காயலான் கடைக்குத்தான்.

சிரிப்பு வெடித்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தூக்கிய அதே கையால் இப்போது தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். டெல்பர்ட்டின் முகத்தில் அசடு வழிந்தது. ஆர்டித்துக்கு அவன்மேல் இருந்ததைவிட அந்தச் சிரிப்பின்மேல் அருவருப்பு அதிகமாக வந்தது. அப்போதுதான் லாரிச் செய்தியைச் சொன்னாள்.

ஹார்லன் துள்ளி எழுந்தான். "அப்படின்னா இன்னொரு தடவ கையத் தூக்கிடலாம்! ஆர்டித் இருக்கட்டுங்கறவங்க..."

"எறக்கு, ஹார்லன். கை வலிக்கப் போகுது. லாரி என் பேருக்கு வருது, இந்த ரூமுக்கு இல்ல."

"என் கம்பளிக் கொட்டகை சும்மாத்தான் கெடக்கு," என்றாள் லோர்னா. "ஆட்டு நாத்தம் அடிக்கும், பரவாயில்லையா?"

"இங்க அடிக்கறதவிடவா?"

டெல்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. "எங்கள விட்டா யாருக்கும்மா விப்ப? இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

"உங்களுக்குத்தான் விப்பேன். எல்லாரும் வருவீங்க. வெக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே வராம இருப்பீங்க!"

வியாழக்கிழமை லாரி கொட்டகை வாசலில் நின்றபோது ஹார்லன் முதல் ஆளாக வந்து, கேட்காமலே மூட்டை இறக்கிக் கொடுத்தான். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். டெல்பர்ட் மட்டும் வரவில்லை. பெண்டாட்டியை அனுப்பியிருந்தான். பிறந்ததிலிருந்து துப்பாக்கியைத் தொட்டறியாத அந்த அம்மாள் கையிலிருந்த சீட்டைப் பார்த்து, முன்னூறு கூடு வேண்டும் என்றாள்.

"யாருக்கும்மா?" என்று கேட்டாள் ஆர்டித்.

அந்த அம்மாள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "கேட்டா எனக்குத்தான்னு சொல்லணுமாம்," என்றாள்.