பதினேழாம் எண் சங்கிலி

அனிசேயின் சங்கிலி இன்னும் பண்டகசாலையில்தான் தொங்கியது. பதினேழாம் எண். ஆறு வருஷம் அவன் காலில் கிடந்தது. இப்போது அதே பைத்தியக்கார விடுதியில் அவன் காவலாள், இடுப்பில் சாவிக்கொத்து. குணமானவர்களையே காவலுக்கு வைப்பது டாக்டர் லொர்மியேயின் வழக்கம். அடி வாங்கியவன் அடிக்கமாட்டான் என்பது அவர் கணக்கு.

ராஜாவின் தலையை வெட்டி, எல்லாரையும் ‘குடிமகனே’ என்று கூப்பிட வைத்த புரட்சி அரசாங்கத்தின் அதிகாரி இன்று பாரிசிலிருந்து வருகிறார். காவலாள் ஒருவன் கை ஓங்கினாலோ, ஒரு நோயாளி தப்பினாலோ, டாக்டர் கழற்றிவைத்த நாற்பது சங்கிலியும் திரும்பச் சுவருக்கு வந்துவிடும். விடிந்ததிலிருந்து அனிசே இரண்டு முறை தலைகளை எண்ணிவிட்டான். போதாக்குறைக்கு, காலையில் ஒரு புது நோயாளியை வேறு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் முறை எண்ண முற்றத்துக்கு வந்தபோது, கிணற்றடியில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தலையில் தொப்பி இல்லை. முழங்கால் வரை சேறு.

“யாருங்க?”

“வண்டி அச்சு முறிஞ்சு நடந்தே வரேன். நான் அரசாங்கத்து ஆள். உங்க டாக்டரை விசாரிக்க வந்திருக்கேன்.”

புது நோயாளி வந்துவிட்டான் என்று அனிசேக்குத் தோன்றியது.

“சரிங்க குடிமகனே. அரசாங்கத்து ஆளுங்க உள்ள ஏற்கெனவே மூணு பேர் இருக்காங்க. ஒருத்தர் ராஜா, அதை மட்டும் வெளியில சொல்லிடாதீங்க. வாங்க, சூப் ஆறிடும்.”

“விளையாடுறியா? கையை எடுடா.”

ஒரு குத்து விழுந்தது. உதடு கிழிந்தது. அனிசேயின் கை தானாக மடங்கியது. மடங்கிய கையைச் சாவிக்கொத்தின் மேல் அழுத்திக்கொண்டான்.

“கோவம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்துச்சு.”

உள்ளே கூட்டிப்போய், ஈரக் காலணியைக் கழற்றி, முட்டைக்கோஸ் சூப்பும் ரொட்டியும் வைத்து, கதவைப் பூட்டினான்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் ஓடி வந்தார்.

“வண்டிக்காரன் வந்துட்டான். அதிகாரி எங்கப்பா?”

அனிசே பூட்டிய கதவைத் திறந்துவிட்டு, சாவிக்கொத்தைக் கழற்றி டாக்டர் கையில் வைத்தான்.

“பதினேழை எடுத்துட்டு வரவாங்க?”

அதிகாரி வெறுங்காலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கிண்ணம் காலி.

“இவன் அடிச்சானா?” டாக்டர் அதிகாரியிடம் கேட்டார்.

“நான்தான் அடிச்சேன்.” அதிகாரி அனிசேயின் உதட்டைப் பார்த்தார். “அப்புறம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கத்தினேன். அந்தப் பக்கத்துலேர்ந்து இவன் சரிங்க, சரிங்கன்னான். கடைசில நான் யாருன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் காகிதம் கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினார். அனிசேக்கு எழுத்து தெரியாது. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வரிகளோடு நகர்ந்த அந்தக் கண்கள் ஓரிடத்தில் நின்றன. டாக்டர் சாவிக்கொத்தை அவனிடம் நீட்டினார். “பதினேழு அங்கேயே தொங்கட்டும்ப்பா.”

அனிசே அதை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டான். பாதியில் விட்ட மூன்றாம் எண்ணிக்கையைத் தொடங்க முற்றத்துக்குப் போனான்.