விடிகாலைப் பங்கு

ராக்கியண்ணனுக்கு முதலில் துரோகம் செய்தவர் எண்ணெய் ஆலை முதலாளி நாச்சிமுத்து. அரசாங்கம் இரண்டாவதுதான். இந்த வரிசையை அவர் யாருக்காகவும் மாற்றிச் சொன்னதில்லை.

காங்கேயம் பக்கத்து ஆலைகளில் மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டிக் கொடுப்பது ராக்கியண்ணனின் தொழில். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, ஒப்பந்த வேலை. கூப்பிட்டால் சொந்தப் பெட்டியோடு போவார், முடித்தால் திரும்பி வருவார். அந்த ஏப்ரலில் விதி மாறியது. ஒப்பந்தக்காரரிடம் இனி வரியைப் பணமாகப் பிடிக்கக் கூடாது. தூக்கத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடிக்க வேண்டும். வேலை கொடுத்தவரே பிடித்து, அவரே வரி ஆபீசில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். சம்பளக்காரர்களின் தூக்கத்தை யாரும் தொடக் கூடாது.

பிடிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால் இமை ஓரத்தில் போசிப் பாத்திரத்தை ஏந்துவார்கள். நீராகாரம் மாதிரி வடியும். எந்தப் பங்கைப் பிடிப்பது என்று விதியில் சொல்லவில்லை. நாச்சிமுத்து விடிகாலைப் பங்கைப் பிடித்தார். அதுதான் கெட்டியாக இருக்கும், போசி சீக்கிரம் நிறையும் என்றார்.

அங்கேதான் ராக்கியண்ணனுக்கு வயிறு எரிந்தது. அவர் மனைவி பாவாத்தாள் செத்த பிறகு விடிகாலைத் தூக்கத்தில் மட்டும்தான் வருவாள். வந்து, சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவரும் போகவில்லை, அவளையும் விடவில்லை. போனில் அழைத்தார்கள், தட்டோடு நேரில் வரவில்லை. அந்தச் சண்டை பாதியில் இருக்கும்போது பாவாத்தாள் இறந்துபோனாள். கனவில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஜெயித்துக்கொண்டு வந்தார். இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி. அந்த நேரத்தில் விதி மாறிவிட்டது. இப்போது கோழி கூப்பிடும் முன்பே விழித்து, சொல்ல வேண்டிய வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு கூரை மோட்டைப் பார்த்துக் கிடந்தார்.

வரும்படி குறைந்தவர்கள் பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம் என்றார்கள். கேட்கப் போனார். வரி ஆபீஸ் அம்மா உள்ளே போய்த் தூக்கப் பானைகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்க பேர்ல ஒரு பொட்டுத் தூக்கம்கூடக் கட்டலைங்களே, ஐயா."

"பிடிச்சாருங்களே அம்மணி. என்ற கண்ணுல இருந்துதான் வடிச்சாரு."

"பிடிச்சவரு கட்டலைன்னா நாங்க எதைத் திருப்பிக் குடுக்கறதுங்க? அவரையே கேளுங்க."

நேராக ஆலைக்குப் போனார். நாச்சிமுத்து முகம் தெளிந்து, கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தார்.

"கட்டலாம்னுதான் வெச்சிருந்தேன், ராக்கியண்ணா. ஒருநாள் தாகமா இருந்துச்சு, எடுத்துக் குடிச்சுப்போட்டேன். அப்புறம் பழகிப்போச்சு."

"அதுல என்ற பொண்டாட்டி வருவாளுங்க."

"வருதே! வந்த அன்னைக்கே கல்யாணத்துக்கு ஏன் போகலைன்னு பிலுபிலுன்னு பிடிச்சுக்கிச்சு. என்ன வாய்யா அது!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தப்பு எம்மேலதான் தாயின்னுட்டேன். விடிஞ்சா ஆலையைத் தொறக்கோணும். எனக்கெதுக்கு உங்க சண்டை?"

ராக்கியண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். தோற்றது தானா, நாச்சிமுத்துவா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அதுக்கு அவ?"

"சிரிச்சுது. காப்பி வெச்சுக் குடுத்துது."

ஐப்பசியில் விதி மறுபடியும் மாறியது. தினமும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வருகிறவரை இனி சம்பளக்காரராகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மீறினால் வேலை கொடுத்தவருக்கு அபராதம். நாச்சிமுத்து பயந்த மனிதர். தினமும் விடிகாலை தன் கனவுக்கு வந்துகொண்டிருந்த பாவாத்தாளை அன்றைக்கே ஆலையில் நிரந்தரம் ஆக்கினார். தீபாவளிக்கு போனசும் கொடுத்தார்.

"என்னையும் நிரந்தரம் பண்ணிப்போடுங்க. பிடித்தமாச்சும் நிக்கும்" என்றார் ராக்கியண்ணன்.

"நீ எங்கப்பா தினமும் வர்றே? மோட்டார் எரிஞ்சாத்தானே வர்றே."

அது சரிதான்.

கார்த்திகையில் ஒருநாள் நாச்சிமுத்து ராக்கியண்ணன் வீட்டுக்கே வந்தார். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய்.

"நாளைக்கு விடியக்காலம் உன்ற மச்சினன் மகளுக்குக் கல்யாணம். என்ற தூக்கத்துல பாவாத்தா மறுபடியும் வெச்சிருக்குது. உன்னை நேர்ல போய் அழைக்கச் சொல்லுச்சு."

ராக்கியண்ணன் உற்றுப் பார்த்தார். நாச்சிமுத்து இரண்டு கையாலும்தான் நீட்டினார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தட்டை வாங்கிக்கொண்டார்.

"வரோணும்னா எனக்கு விடிகாலைத் தூக்கம் வேணுமுங்களே."

"அதை நீதான் கொண்டாரோணும். ஒப்பந்தக்காரருக்கு வண்டிச் சத்தம், வாடகையெல்லாம் நாங்க குடுக்கறதில்லை."

மறுநாள் ராக்கியண்ணன் வழக்கம்போல விழித்துக்கொண்டார். குளித்து, தேய்த்த வேட்டி கட்டி, ஆலையில் நாச்சிமுத்து தூங்கும் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்தார். உள்ளே கெட்டிமேளம் கேட்டது. பாவாத்தாள் ஒவ்வொருவரையாகப் பந்திக்குக் கூப்பிடும் குரல் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு ஆலைக் காவலாளி வந்து அவர் முன்னால் ஓர் இலையை வைத்தார். கல்யாணச் சாப்பாடு, ஆவி பறந்தது. ஓரத்தில் பத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே பிடித்திருந்தார்கள்.

"என்ற தூக்கத்தை எப்பக் குடுப்பாங்களாம்?"

"ஆறிப்போயிரும், சாப்பிடுங்க" என்றார் காவலாளி.

சொல்ல வேண்டிய வார்த்தையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, ராக்கியண்ணன் சோற்றில் கை வைத்தார்.