வளைந்த வால்வுகள்

கோசலா நயினாதீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போன நாளிலிருந்து அவள் கணவன் ஜெயரூபனுக்கு நிம்மதியில்லை. கரம்பொன்னில் வீட்டோடு சேர்ந்து கராச் வைத்திருக்கும் மெக்கானிக் அவன். படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் காலையில் பஸ் ஒழுங்காக வருவதில்லை. அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் சசிகரன் தன்னுடைய காரில் கோசலாவைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவான். வழியில் புங்குடுதீவில் ஏறுகிற இரண்டு ஆசிரியைகளும் திரும்பும்போது அங்கேயே இறங்கிவிடுவார்கள். பிறகு கடலை ஊடறுக்கும் அந்த நீண்ட பாலம் முழுவதும் காரில் இரண்டே பேர்தான். பின்னேரத்தில் ஜெயரூபன் எந்த வேலையில் இருந்தாலும் காது றோட்டில்தான் இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை அந்தக் கார் உழவு இயந்திரத்தின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு வந்து சேர்ந்தது. கோசலா இறங்கி, ஜெயரூபனின் முகத்தைப் பாராமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

“என்ன நடந்தது சேர்?”

“பாலத்தில வரேக்க பெரிய சத்தம் ஒண்டு கேட்டது அண்ணை. அதுக்குப் பிறகு இழுவை இல்லை, எஞ்சின் நடுங்குது. நீங்கள் போட்ட பெல்ற் நழுவிப்போச்சோ தெரியாது” என்றான் சசிகரன்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் மோதாமல் ஒத்து இயக்கும் ரைமிங் பெல்ற்றை மூன்று மாதத்துக்கு முன் மாற்றியவன் ஜெயரூபன். அவன் பெல்ற்றின் மூடியைக் கழற்றினான். பெல்ற் அசையவில்லை. அடையாளக் கோடுகள் நேருக்கு நேர் நின்றன. பிளக்குகளை எடுத்துவிட்டு அமுக்கம் பார்த்தான். ஒன்றாம் நாலாம் சிலிண்டர்கள் நல்லாக இருந்தன. நடுவில் இருந்த இரண்டு சிலிண்டர்களிலும் அமுக்கமானியின் முள் எழும்பவேயில்லை.

அடுத்த நாள் எஞ்சினின் மேற்பகுதியைக் கழற்றினான். நாலு வால்வுகள் வளைந்திருந்தன. பிஸ்டன்களின் தலையில் வால்வு மோதிய பிறை வடிவத் தழும்புகள். பெல்ற் சரியாக இருக்க வால்வு மோதுவதென்றால் எஞ்சின் தாங்கமுடியாத வேகத்தில் சுற்றியிருக்கவேண்டும். மூன்றாம் கியரிலிருந்து நாலுக்குப் போக வேண்டியது இரண்டுக்குள் விழுந்திருக்கிறது.

வால்வைக் கையில் வைத்துக்கொண்டே அவன் யோசித்தான். இவ்வளவு காலம் கார் ஓடுகிறவன் எப்படி அப்படிப் போடுவான்? கியர் பிடிக்கிற இடது கை கோசலாவின் பக்கம். அந்தக் கை அப்போது என்ன செய்தது? அவன் யாருடைய முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்? நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

சனிக்கிழமை சசிகரனை வரச்சொல்லி வால்வுகளை அவன் முன் வைத்தான்.

“பெல்ற் இல்லை சேர், கியர். நல்ல வேகத்தில இரண்டுக்குப் போட்டிருக்கிறியள். அந்த நேரம் உங்கட கண் எங்க இருந்தது?”

சசிகரனின் முகம் சிவந்தது. “என்ர பிழைதான் அண்ணை.”

“அவரில்லை.” ஈரக் கையோடு கோசலா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். “நான்தான் காரை ஓடினனான். மூண்டு மாசமாச் சேரிட்டக் கார் ஓடப் பழகுறன். மற்ற ரீச்சர்மார் இறங்கினாப் பிறகு, பாலத்தில மட்டும்.”

“ஏன் என்னட்டைக் கேட்கேல்ல?”

“கேட்டனான். சாட்டிக் கடற்கரை றோட்டில ஒரு நாள் பழக்கினீங்கள். கார் நிண்டுபோச்சு எண்டு கடலுக்கு வந்த சனம் திரும்பிப் பார்க்கக் கத்தினீங்கள். சேர் ஒரு நாளும் கத்தினதில்லை. எஞ்சின் உடைஞ்சபோதும் கத்தேல்ல.”

சசிகரன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். ஜெயரூபன் வளைந்த வால்வு ஒன்றை எடுத்துத் துடைத்தான். தப்பாக ஏதாவது நடந்திருந்தால் அவனுடைய சட்டையைப் பிடித்திருக்கலாம். பொறுமையாகப் பழக்கினவனை என்ன செய்வது?

புது வால்வுகள் போட்டு எஞ்சினைப் பூட்ட இரண்டு கிழமை எடுத்தது. ஓட்டிப் பார்க்கிற நாளில் அவன் கோசலாவைக் கூப்பிட்டான்.

“ஏறும். நீர்தான் ஓட்டவேணும்.”

பாலத்தில் அவள் மூன்றிலிருந்து நாலுக்குச் சத்தமில்லாமல் மாற்றினாள். “இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால நேர இழுக்கச் சொல்லிச் சேர் சொன்னவர்” என்றாள். சரியான முறைதான். அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். அது அவனை இன்னும் சுட்டது.

“ஓம்” என்றான் கடலைப் பார்த்துக்கொண்டு. “இனி நான் பழக்கிறன்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் கராச்சில் நின்ற பழைய காரில் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டப் பரீட்சை நடந்த அன்றும் அவனே கூட்டிப்போனான். அவள் வெயிலில் சிரித்துக்கொண்டு வந்தாள். அவன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“சேர், பாஸ்!”

அவள் பேசி முடிக்கும்வரை ஜெயரூபன் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான்.