காது மூளியான சட்டி

மூடியைத் தூக்கியதும் டீசல் வாசம் அடித்தது. மேலும் கீழும் நெருப்பு வைத்துச் சுடுகிற தம்மடை என்றால் நெய் மணக்க வேண்டும், ஏலக்காய் மணக்க வேண்டும். எனக்கோ துறைமுகத்தில் இன்ஜினைப் பிரித்துப் போட்ட இடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. மூடியை அதன்மேல் கிடந்த கங்குகளோடு ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ரவையும் முட்டையும் நெய்யுமாக அத்தனையும் ஓரத்தில் கருத்து, அடியில் அப்பிக்கொண்டிருந்தது. தட்டில் கவிழ்த்தால் வழுக்கி விழுகிற அடை, கரண்டியால் கிண்டியும் வரவில்லை. ஹவ்வா உம்மாள் காசு கொடுத்துச் சொல்லிவைத்த அடை அது. அவர் மகன் மாலையில் திருச்சியில் விமானம் ஏறுகிறான். இனி வேறு சுட நேரமில்லை. எந்த முகத்தோடு அவரிடம் போய்ச் சொல்வது?

அடுப்பு மூட்டும்போதே லேசாக அந்த வாசம் வந்தது. என் வீட்டுக்காரர் ஹாமித் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். அவருடைய சட்டை எங்காவது கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கோட்டைப்பட்டினத்தில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தேன். என் சட்டிதானே என்ற நம்பிக்கையில் சாக்கைப் பிரித்து, அவசரமாக நெய்யைத் தடவி மாவை ஊற்றிவிட்டேன்.

புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கி, ஜெகதாப்பட்டினம் வரைக்கும் மடியில் வைத்துக் கொண்டுவந்த இரும்புச் சட்டி அது. அப்போது சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று, புது மருமகள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தது. வடிகஞ்சியில் ஊறவைத்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிச் சூடு காட்டி, வெங்காயம் வதக்கிக் கொட்டி, மறுபடியும் எண்ணெய் தடவி என்று இரும்பைப் பழக்க வேண்டும். பழகிய பிறகும் விட்டுவிட முடியாது. சோப்பு படக்கூடாது, புளி படக்கூடாது. சூட்டோடு துடைத்து எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வைக்காவிட்டால் எங்கள் ஊர் உப்புக்காற்று விடிவதற்குள் துருவைக் கொண்டுவந்துவிடும். புருஷனைப் பழக்குவதைவிட இது சுலபம் என்று அவர் முன்னாலேயே கேலி பேசுவேன். அவரும் சிரிப்பார்.

சட்டி ஆறியதும் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்தேன். துணியெல்லாம் கருப்பு. பழகிய சட்டியின் கருப்பு இப்படித் துணியோடு வராது. இது பூசின கருப்பு. இன்ஜின் கழிவு ஆயிலைத் தடவி யாரோ காயவைத்திருந்தார்கள். இது என் சட்டியே இல்லை என்று கை சொன்னது, மனசு கேட்கவில்லை. ஏனென்றால் காது. என் சட்டியைப் பிடித்துத் தூக்குகிற இரண்டு காதுகளில் ஒன்று மூளி. வீடு மாறின அன்று தரையில் விழுந்து உடைந்தது. இந்தச் சட்டிக்கும் ஒரு காது மூளி, அதே அளவுக்கு. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தேன். அரம் ஓடிய கோடுகள் வரிவரியாகப் பளபளத்தன.

ஹாமிதுக்குப் போன் போட்டேன்.

"என் சட்டி எங்க?"

"அங்கிட்டுத்தான் சாக்குல இருக்கும், பாரு."

"பாத்துட்டுத்தான் கேக்குறேன்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு படகின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாசிலாகிட்ட இருக்கு. மாப்பிள்ளை இல்லாம அது எம்புட்டுக் கஷ்டப்படுது. இரும்புதானே ஆஃபியா? ஒனக்குத்தான் புதுசு வாங்கி வச்சுட்டேன்ல."

"புதுசு வாங்கி வச்சவரு காதை எதுக்கு அராவுனீங்க?"

கேட்டுவிட்டு நானே போனை வைத்துவிட்டேன்.

பாசிலா அவருடைய தங்கை. அவள் மாப்பிள்ளை படகோடு பிடிபட்டு யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்கிறார். அடை சுட்டு விற்கிறேன், சட்டியைத் தாங்க என்று அவள் கேட்டபோது, சட்டி வெளியே போகாது, நீ இங்கே வந்து சுட்டுக்கொள் என்று சொன்னவள்தான் நான். தப்பென்றால் தப்பு. கூடப் பிறந்தவளுக்காக அவர் என்னோடு சண்டை போட்டு வாங்கிப் போயிருந்தால் நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் சோறு போட்டிருப்பேன். இரும்பு எல்லாம் ஒன்றுதான் என்று நிஜமாகவே நினைக்கிறவர் அந்தக் காதை எதற்குத் தொடுகிறார்? நான் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, என் கண் எங்கே போகும், கை எங்கே தடவும் என்று யோசித்து யோசித்து அராவியிருக்கிறார். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தது இதற்குத்தானா? அப்படியே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால் பாசிலாவின் வீடு. குழாயடியில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"வாங்க மதினி, வாங்க. நீங்களே குடுத்துவிட்டீங்கன்னு அண்ணன் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்குத்தான் துஆ கேக்குறேன்."

நான் கொடுக்காத சட்டிக்கு எனக்கு துஆ. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் துவைகல்லின்மேல் கவிழ்த்திருந்ததை எடுத்து நீட்டினாள்.

"ஒரே கருப்பா இருந்துச்சு மதினி. கம்பி நாரு போட்டு, சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சு எடுத்துட்டேன். இப்பப் பாருங்க, எப்படி இருக்கு!"

சட்டி கடையில் வாங்கிய நாளின் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. மூளிக் காது மட்டும் என்னுடையது. அடிப்பக்கத்தில் அங்கங்கே செம்மண் தெறித்த மாதிரி துரு கிளம்பியிருந்தது.

"ஆனா அடைதான் ஒட்டிக்கிட்டே வருது. ஏன் மதினி?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கள்ளம் எதுவும் இல்லை. என் கோபத்தை இறக்கிவைக்க அங்கே இடமே கிடைக்கவில்லை.

"நல்லெண்ணெயும் பழைய துணியும் கொண்டா" என்றேன்.

சட்டியை மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. வந்தவர் செருப்பைக் கழற்றாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாருங்கண்ணே, மதினியே வந்துட்டாங்க" என்றாள் பாசிலா, வாயெல்லாம் பல்லாக.

நான் தலையைத் தூக்கவில்லை. துணியில் துருதான் வந்தது. திருப்பிப் போட்டுத் தேய்த்தேன், மறுபடியும் துரு. பாசிலாவிடம் இன்னொரு துணி கேட்டேன்.